செயின் கட்டர் வாங்கலாமா?

1. போனது அரை நாள் சம்பளம்

பெங்களூரின் தெற்குப் பக்கம் ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி இருக்கிறது. 1978-ஆம் ஆண்டு கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் இதை அமைத்தது. கோனப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் என்னும் இரண்டு கிராமங்களின் நிலத்தில், 332 ஏக்கரில் இது உருவானது. இன்று அங்கே பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் உள்ளன. 2010-இல் நீண்ட மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலும் வந்தது.

கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்கிறவர்கள் காரில் வருகிறார்கள். பஸ்ஸில் வருகிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடியைத் துடைப்பவர்கள் யார்? தோட்டத்துக்குத் தண்ணீர் விடுபவர்கள் யார்? கேண்டீனில் காய் நறுக்குபவர்கள் யார்? இவர்களில் பலர் விடியும் முன்பே வேலைக்குப் புறப்பட வேண்டும். நடந்து வருகிறவர்கள் உண்டு. சைக்கிளில் வருகிறவர்களும் உண்டு.

அப்படிச் சைக்கிளில் வரும் ஒரு பெண்ணின் கதை இது. அவருக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தொட்டதோகூரில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறார். அவரை அங்கே எல்லோரும் "அக்கா" என்றுதான் அழைப்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

அக்காவுக்கு ஒரு கம்பெனியில் சுத்தம் செய்யும் வேலை. காலை 6 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். 5.30-க்குச் சைக்கிளை எடுப்பார். கால் மணி நேரத்தில் போய்விடுவார்.

ஒரு திங்கள்கிழமை. இன்னும் இருட்டு விலகவில்லை. பாதி வழியில் 'டக்' என்று ஒரு சத்தம். பெடல் சும்மா சுற்றியது. சைக்கிள் நகரவில்லை. அக்கா இறங்கிப் பார்த்தார். செயின் தரையில் பாம்பு போலக் கிடந்தது.

அந்த நேரத்தில் எந்தச் சைக்கிள் கடை திறந்திருக்கும்? செயினைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். வேலைக்குப் போய்ச் சேரும்போது மணி 6.35. மேற்பார்வையாளர் கேட்கவில்லை. அரை நாள் சம்பளம் போயிற்று.

2. எதை வாங்குவது?

அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் நடந்ததைச் சொன்னார்.

"செயின் கட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது அக்கா. அது கையில் இருந்தால் நாமே சரி செய்யலாம்" என்றான் தம்பி.

அவன் கைப்பேசியில் தேடிக் காட்டினான். ஒரு கட்டர் 150 ரூபாய். இன்னொன்று 400 ரூபாய். மற்றொன்று 2,000 ரூபாய்க்கும் மேல். எல்லாப் படத்தின் கீழும் 'மிகச் சிறந்தது' என்று எழுதியிருந்தது.

அக்காவுக்குக் குழப்பம். விலை குறைந்ததை வாங்கினால் உடைந்துவிடுமோ? விலை கூடியதை வாங்கினால் பணம் வீணோ? வருடத்தில் ஒரு முறையோ இரண்டு முறையோதான் அதற்கு வேலை வரும். அதற்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

"இரு தம்பி. அவசரப்பட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வாங்குகிறேன்" என்றார் அக்கா.

அந்த வாரம் முழுவதும் அக்கா நடந்தே வேலைக்குப் போனார்.

3. செயினுக்குள் என்ன இருக்கிறது?

கடைக்காரர் ஒரு பெரியவர். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பல வருடங்களாகச் சைக்கிள் பழுது பார்க்கிறார்.

"ஐயா, எனக்கு ஒரு செயின் கட்டர் வேண்டும்" என்றார் அக்கா.

"கட்டர் இருக்கட்டும் அம்மா. முதலில் செயினைக் காட்டு" என்றார் பெரியவர்.

அவர் செயினை ஒரு பழைய துணியில் துடைத்தார். மேசை மேல் நீட்டி வைத்தார்.

"இதோ பார். செயின் என்பது கண்ணி கண்ணியாகக் கோத்தது. ஒரு கண்ணியில் தகடுகள் வெளியே இருக்கும். அடுத்த கண்ணியில் தகடுகள் உள்ளே இருக்கும். வெளி, உள், வெளி, உள் என்று மாறி மாறி வரும். நடுவில் உருண்டையாக இருப்பது உருளை. சக்கரத்தின் பல் வந்து உட்காருவது அந்த உருளையில்தான். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது இந்த ஆணி."

இப்படி உருளை வைத்த செயினை 1880-ஆம் ஆண்டு ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் கண்டுபிடித்தார். அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்தியவர். இன்றும் நம் சைக்கிளில் ஓடுவது அதே வகைச் செயின்தான். ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம் இருக்கும். ஊரில் ஓடும் சாதாரணச் சைக்கிளானாலும், வெளிநாட்டுக் கியர் சைக்கிளானாலும் பெரும்பாலும் இதே அரை அங்குலம்தான்.

பெரியவர் செயினின் இரண்டு முனைகளையும் கையில் எடுத்தார்.

"உன் செயின் அறுந்து போகவில்லை அம்மா. இரண்டு முனையிலும் உள் தகடுதான் இருக்கிறது. தகடு எதுவும் உடையவில்லை. செயின் லாக் கழன்று விழுந்திருக்கிறது."

"செயின் லாக் என்றால் என்ன ஐயா?"

பெரியவர் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே மூன்று துண்டுகள் இருந்தன. ஒன்று, இரண்டு ஆணிகள் பொருத்திய தகடு. இரண்டாவது, இரண்டு துளைகள் உள்ள தகடு. மூன்றாவது, மீன் போன்ற ஒரு சிறு கிளிப்.

"சாதாரணச் சைக்கிள் செயினில் இப்படி ஒரு கண்ணி இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாள் போல. இதைக் கழற்றினால் செயின் முழுவதும் கையோடு வந்துவிடும். இதைக் கழற்றவும் மாட்டவும் கட்டர் வேண்டாம். ஒரு கொறடு போதும்."

அக்கா வியந்து போனார். "அப்படியானால் அன்றைக்குக் கட்டர் கையில் இருந்தாலும் பயன் இல்லையா?"

"பயன் இல்லை. ஒரு செயின் லாக் இருந்திருந்தால் ஐந்து நிமிட வேலை."

4. மீனின் தலை முன்னால்

கிளிப் ஏன் கழன்றது? பெரியவர் காரணத்தை விளக்கினார்.

கிளிப்பின் ஒரு முனை மூடியிருக்கும். அது மீனின் தலை. மறு முனை திறந்திருக்கும். அது மீனின் வால். மீன் தலையை முன்னால் நீட்டித்தானே நீந்தும்? செயினும் அப்படியே ஓட வேண்டும். செயின் ஓடும் திசையில் மீனின் தலை இருக்க வேண்டும்.

சைக்கிளை மிதிக்கும்போது செயினின் மேல் பகுதி பின் சக்கரத்திலிருந்து முன்பக்கம் ஓடும். ஆகவே லாக் மேலே இருக்கும்போது, மீனின் தலை முன் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மாற்றி மாட்டினால் என்ன ஆகும்? திறந்த வால் எதிலாவது இடிக்கும். கிளிப் நழுவி விழும். பிறகு தகடு கழலும். செயின் தரைக்கு வரும்.

"யாரோ அவசரத்தில் மாற்றி மாட்டியிருக்கலாம். கிளிப் பழையதாகித் தளர்ந்தும் இருக்கலாம். பழைய கிளிப்பைத் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டக் கூடாது" என்றார் பெரியவர்.

5. ஸ்கேல் வைத்து அளந்து பார்

"அப்படியானால் புது லாக் மட்டும் போதுமா ஐயா?"

"அதையும் பார்த்துவிடுவோம். உனக்கு ஸ்கேல் பார்க்கத் தெரியுமா?"

"தெரியும் ஐயா. அம்மா சொல்லிக் கொடுத்தார்."

பெரியவர் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 அங்குல ஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். அக்கா அளந்தார். நீங்களும் இப்படி அளக்கலாம்:

செயினை நன்றாக இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் 0 கோட்டை வைக்க வேண்டும். அந்த ஆணியை ஒன்று என்று எண்ண வேண்டும். அங்கிருந்து 25-வது ஆணி வரை எண்ண வேண்டும். நடுவே 24 இடைவெளிகள். ஒவ்வொன்றும் அரை அங்குலம். 24 அரை அங்குலம் என்றால் 12 அங்குலம். புதுச் செயினில் 25-வது ஆணியின் நடு சரியாக 12 என்ற கோட்டில் இருக்கும்.

செயின் தேயத் தேய அந்த ஆணி 12-ஐத் தாண்டிப் போகும். ஓர் அங்குலத்தில் 16 பங்கில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் புதுச் செயின் மாற்ற வேண்டும். 8 பங்கில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் செலவு கூடும். தேய்ந்த செயின் பல் சக்கரத்தையும் பிரீவீலையும் தேய்த்திருக்கும். அவற்றையும் மாற்ற வேண்டி வரலாம்.

அக்காவின் செயின் 16-இல் ஒரு பங்கைத் தாண்டியிருந்தது. 8-இல் ஒரு பங்கை எட்டவில்லை.

"நல்ல வேளை. செயின் மட்டும் மாற்றினால் போதும்" என்றார் பெரியவர்.

"செயின் தொய்ந்து போனால் ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்களே ஐயா?"

பெரியவர் சிரித்தார். "பல பேர் அதற்காகத்தான் கட்டர் வாங்குகிறார்கள். இரும்பு ரப்பர் போல நீளாது அம்மா. ஒவ்வொரு ஆணியும் அது உட்காரும் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. எல்லாக் கண்ணியிலும் தேய்மானம் இருக்கிறது. ஒரு கண்ணியை எடுத்தால் செயினின் நீளம் குறையும். மற்றக் கண்ணிகளின் தேய்மானம் குறையுமா?"

"குறையாது ஐயா."

"அவ்வளவுதான். லேசாகத் தொய்ந்தால் பின் சக்கரத்தின் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து முறுக்கினால் போதும். செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார். அரை அங்குலம் அளவு ஆட வேண்டும். விறைப்பாகவும் இருக்கக் கூடாது. தொங்கவும் கூடாது."

கருவி வாங்கும் முன் நோயைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு அக்காவுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்கேல்தான்.

6. அம்மா கற்ற சைக்கிள்

அக்காவுக்கு அளவு பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அவருடைய அம்மா. அந்த அம்மாவுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

1988-ஆம் ஆண்டு நம் நாட்டில் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு கூடவே பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், கிராம நர்சுகள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று பல ஆயிரம் பெண்கள் கற்றார்கள். கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் பெண்கள் விடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தைக்குப் போனார்கள். தண்ணீர்க் குடத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் அக்காவின் அம்மா. செயின் கழன்ற செய்தியைக் கேட்டு அவர் தொலைபேசியில் ஒன்று சொன்னார்: "ஓட்டக் கத்துக்கிட்டா மட்டும் போதாதுடி. வழியில நின்னா தள்ளிக்கிட்டு வரணும். கொஞ்சம் சரி பண்ணவும் கத்துக்கோ."

அந்தச் சொல்தான் அக்காவைக் கடைக்கு அனுப்பியது.

7. கட்டர் எப்படி வேலை செய்கிறது?

பெரியவர் புதுச் செயின் ஒன்றை எடுத்தார். பழைய செயினையும் புதுச் செயினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"புதுச் செயின் நீளமாக இருக்கிறது. வெட்ட வேண்டும். இங்கேதான் கட்டருக்கு வேலை. ஆனால் பழைய செயினின் நீளத்தைப் பார்த்து வெட்டாதே. அது தேய்ந்து நீண்டிருக்கிறது. கண்ணிகளை எண்ணி வெட்டு."

இருவரும் எண்ணினார்கள். ஒரு முறைக்கு இரண்டு முறை எண்ணினார்கள்.

பிறகு பெரியவர் ஒரு சிறிய கட்டரை எடுத்தார். அதில் நான்கு பாகங்கள் இருந்தன. செயின் உட்காரும் பள்ளம். ஒரு திருகு. திருகின் நுனியில் ஒரு தள்ளும் ஊசி. திருகைச் சுற்ற ஒரு கைப்பிடி.

லாரிக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையால் சுற்றுகிறார். பெரிய லாரி மேலே எழும்புகிறது. திருகின் வலிமை அது. ஒரு சுற்றுக்குக் கொஞ்சமே நகரும். ஆனால் மிகுந்த பலத்தோடு நகரும். செயின் கட்டரும் அப்படித்தான். கைப்பிடியைச் சுற்றினால் ஊசி முன்னால் போகும். செயினின் ஆணியை மெதுவாக வெளியே தள்ளும்.

பெயர்தான் கட்டர். அது எதையும் வெட்டுவதில்லை. ஆணியைத் தள்ளுகிறது, அவ்வளவுதான்.

8. மூன்று வகைக் கருவிகள்

"ஐயா, இதற்கு ஏன் இத்தனை விலை வித்தியாசம்?" என்று கேட்டார் அக்கா. பெரியவர் மூன்று வகைகளைச் சொன்னார்.

முதல் வகை, பட்டறைக் கட்டர். பெரிய உடல், நீளமான கைப்பிடி. தினமும் பல சைக்கிள் பார்க்கும் கடைக்கு ஏற்றது. ஆணியை வெளியே தள்ளவும், திரும்பவும் நேராக உள்ளே ஏற்றவும் எளிது. விலை அதிகம். கனமும் அதிகம்.

இரண்டாவது வகை, பல கருவிகள் சேர்ந்த மடக்குக் கருவி. அதில் சின்னக் கட்டரும் இருக்கும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு நல்லது. ஆனால் பல கருவிகளுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். அதில் பல, சாதாரணச் சைக்கிளுக்குப் பயன்படா.

மூன்றாவது வகை, சிறிய தனிக் கட்டர். உள்ளங்கைக்குள் அடங்கும். விலை குறைவு. கைப்பிடி சிறியதாக இருப்பதால் சுற்றும்போது கை வலிக்கும். எப்போதாவது பயன்படுத்துகிறவர்களுக்கு அது ஒரு குறை அல்ல.

"உனக்கு மூன்றாவது வகை போதும். ஏன் என்று சொல்கிறேன். கட்டரின் வேலையில் கடினமானது எது தெரியுமா? ஆணியைத் திரும்ப நேராக ஏற்றுவது. சின்னக் கட்டரில் அது கோணலாகப் போகும். ஆனால் உன் பையில் செயின் லாக் இருந்தால், பழைய ஆணியைத் திரும்ப ஏற்ற வேண்டாம். வெளியே தள்ளினால் மட்டும் போதும். சுலபமான வேலைக்குச் சின்னக் கருவி போதும்."

"சுத்தியலும் ஆணியும் வைத்துத் தட்டினால் ஆகாதா ஐயா?"

"கடையில் அடியில் இரும்பு வைத்து நாங்கள் தட்டுவது உண்டு. கை பழகாதவர்கள் தட்டினால் தகடு வளையும். துண்டு தெறித்துக் கண்ணில் படும். விடிகாலை இருட்டில், நடு ரோட்டில் அது வேண்டாம்."

9. வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விலை குறைந்த கட்டர்களிலும் நல்லது உண்டு, கெட்டது உண்டு. பெரியவர் காட்டியபடி அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

ஒன்று: பழைய செயின் துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அது கட்டரின் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். சாதாரணச் சைக்கிள் செயின் அகலமானது. கியர் சைக்கிள் செயின் ஒல்லியானது. கியர் செயினுக்காகச் செய்த சில கட்டர்களில் அகலமான செயின் நுழையாது.

இரண்டு: திருகைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் போக வேண்டும். ஊசி ஆடக் கூடாது.

மூன்று: செயினை வைத்துத் திருகுங்கள். ஊசியின் நுனி ஆணியின் நடுவில் நேராகப் படுகிறதா? ஓரத்தில் பட்டால் அந்தக் கட்டர் வேண்டாம். ஊசி வளையும், அல்லது உடையும்.

நான்கு: ஊசி தேய்ந்தால் தனியே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். கூடுதல் ஊசியோடு வருவதும் உண்டு.

ஐந்து: மோட்டார் சைக்கிள் செயினுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் செயின் பெரியது. கட்டர் உடைந்துவிடும்.

கைப்பேசியில் படம் பார்த்து வாங்கினால் இவற்றைச் சோதிக்க முடியாது. அருகில் கடை இருந்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது நல்லது.

10. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்:

சிறிய கட்டர் ஒன்று 250 ரூபாய். கடையில் செயின் சரிசெய்யும் கூலி ஒரு முறைக்கு 50 ரூபாய். ஐந்து முறை கூலி கொடுத்தால் 250 ரூபாய். செயின் வருடத்துக்கு ஒரு முறைதான் பழுதாகிறது என்றால், கட்டருக்குக் கொடுத்த பணம் திரும்பி வர ஐந்து வருடம் ஆகும்.

அப்படியானால் வாங்கலாமா? வீட்டுப் பக்கத்திலேயே கடை இருக்கிறது, பகலில்தான் சைக்கிள் ஓட்டுகிறோம் என்றால் வாங்க வேண்டியதில்லை. கடைக்காரரே செய்துவிடுவார். ஒரு செயின் லாக் மட்டும் வாங்கி வைத்தால் போதும்.

ஆனால் அக்காவின் கணக்கு வேறு. கடை திறக்கும் முன்பே அவர் புறப்படுகிறார். ஒரு நாள் தாமதமானால் அரை நாள் சம்பளம் போகிறது. அது 250 ரூபாய் என்று வைத்தால், ஒரே ஒரு முறை பயன்பட்டாலும் கட்டரின் விலை திரும்பி வந்துவிடும்.

அக்கா இன்னும் ஒன்றை யோசித்தார். அதே லைன் வீடுகளிலிருந்து இன்னும் மூன்று பெண்கள் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். நால்வரும் சேர்ந்தே போவது வழக்கம். அன்று மட்டும் அக்கா தனியே போயிருந்தார்.

நான்கு பேர் சேர்ந்து வாங்கினால்? 250-ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 62 ரூபாய் 50 காசு. எப்போதாவது தேவைப்படும் கருவிக்குக் கூட்டு வாங்கல்தான் மலிவு.

நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். ஒரு கட்டர் பொது. ஆனால் செயின் லாக் ஆளுக்கு ஒன்று சொந்தம்.

11. முதலில் பழைய துண்டில் பழகு

பெரியவர் அக்காவின் பழைய செயினைத் தூக்கி எறியவில்லை. "இதை வைத்துப் பழகு" என்று கொடுத்தார்.

நால்வரும் வீட்டு வாசலில் உட்கார்ந்து பழகினார்கள். முதல் முறை ஒருவர் செயினைப் பள்ளத்தில் சரியாக வைக்கவில்லை. தகடு வளைந்தது. இரண்டாம் முறை அக்கா வேகமாகத் திருகினார். ஊசி கோணலாகப் போனது. நல்ல வேளை, உடையவில்லை. மூன்றாம் முறை சரியாக வந்தது.

அவர்கள் கற்ற முறை இது:

1. வெளித் தகடு உள்ள கண்ணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடைந்த கண்ணி இருந்தால் அதையே எடுக்க வேண்டும்.

2. செயினைப் பள்ளத்தில் முழுவதும் அழுத்தி வைக்க வேண்டும்.

3. ஊசி ஆணியைத் தொடும் வரை திருக வேண்டும். நிறுத்திப் பார்க்க வேண்டும். நடுவில் நேராக இருக்கிறதா?

4. மெதுவாகத் திருக வேண்டும். முதலில் இறுக்கமாக இருக்கும். பிறகு இளகும். மிகவும் இறுக்கமாக இருந்தால் பலத்தைக் காட்டக் கூடாது. திருகைத் திருப்பி எடுத்து, மறுபடி நேராக வைக்க வேண்டும்.

5. ஆணி வெளியே வந்ததும் திருகைப் பின்னால் எடுக்க வேண்டும். அதே கண்ணியின் இரண்டாவது ஆணியையும் அப்படியே தள்ள வேண்டும். வெளித் தகடுகள் இரண்டும் கழன்று விழும்.

6. இப்போது செயினின் இரு முனைகளிலும் உள் தகடு இருக்கும். இரு முனைகளையும் செயின் லாக்கால் இணைக்க வேண்டும். எடுத்த கண்ணியின் இடத்தில் லாக் உட்காரும். ஆகவே செயின் நீளம் மாறாது.

7. கிளிப்பை மாட்ட வேண்டும். மீனின் தலை, செயின் ஓடும் திசையில்.

8. பின் சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுற்றிப் பார்க்க வேண்டும். விரலும் சேலைத் தலைப்பும் செயினுக்கு அருகே இருக்கக் கூடாது.

கியர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதன் செயின் ஒல்லியானது. வெளியே தள்ளிய ஆணியைத் திரும்ப ஏற்றினால் அந்த இடம் பலவீனமாகும். மிதிக்கும்போது பிரியலாம். பின்னால் எத்தனை பல் சக்கரம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லி, அதற்கேற்ற இணைப்புக் கண்ணியைக் கடையில் வாங்க வேண்டும்.

12. இன்னொரு விடிகாலை

சில வாரங்கள் கழிந்தன. நால்வரும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். திடீரென்று 'டக்' என்று சத்தம். இந்த முறை நால்வரில் இளையவளின் செயின். வெளித் தகடு ஒன்று பிளந்திருந்தது. லாக் கழன்றதல்ல. கண்ணியே உடைந்திருந்தது.

"அக்கா, என்ன செய்வது? மணி ஆகிவிட்டதே" என்று அவள் பதறினாள்.

"பயப்படாதே. விளக்குக் கம்பத்துக்கு அடியில் வா" என்றார் அக்கா.

ஒருத்தி சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினாள். அக்கா பையிலிருந்து கட்டரை எடுத்தார். பிளந்த கண்ணியின் ஆணிகளைத் தள்ளினார். இளையவளே தன் பையிலிருந்து லாக்கை எடுத்து மாட்டினாள். கிளிப்பை மாட்டும் முன் ஒரு நொடி நிறுத்தினாள்.

"தலை எந்தப் பக்கம் அக்கா?"

"நீயே சொல்லேன்."

அவள் பெடலை லேசாக முன்னால் தள்ளினாள். செயின் ஓடும் திசையைப் பார்த்தாள். மீனின் தலையை அந்தப் பக்கம் வைத்தாள்.

கையெல்லாம் கரி. ஆனால் நால்வரும் 6 மணிக்கு உள்ளே இருந்தார்கள்.

அன்று மாலை இளையவள் பெரியவர் கடைக்குப் போனாள். புதிய செயின் லாக் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

நினைவில் வைப்போம்

கருவி வாங்கும் முன் பழுது என்ன என்று பார்க்க வேண்டும்.
12 அங்குல ஸ்கேலால் செயினின் தேய்மானத்தை அளக்கலாம்.
தேய்ந்த செயினில் கண்ணியை எடுத்தால் தேய்மானம் போகாது.
எப்போதாவது தேவை என்றால் சிறிய கட்டரும் ஒரு செயின் லாக்கும் போதும்.
பலர் சேர்ந்து வாங்கினால் செலவு குறையும்.
செயினைத் துடைத்து, துளி எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து வைத்தால் அது நீண்ட நாள் உழைக்கும்.

சொற்களைப் படிப்போம்

கண்ணி, தகடு, உருளை, ஆணி, கிளிப், கொறடு, திருகு, பள்ளம், தேய்மானம், பிரீவீல்

கோடிட்ட இடத்தை நிரப்புவோம்

1. ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே ______ அங்குலம் இருக்கும்.
2. கிளிப்பில் மீனின் ______ செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும்.
3. புதுச் செயினில் முதல் ஆணியிலிருந்து 25-வது ஆணி வரை ______ அங்குலம்.

கணக்குப் போடுவோம்

ஒரு கட்டர் 300 ரூபாய். ஒரு செயின் லாக் 10 ரூபாய். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கட்டரும், ஆளுக்கு ஒரு லாக்கும் வாங்குகிறார்கள். ஒருவருக்கு எவ்வளவு செலவு?

கலந்து பேசுவோம்

உங்கள் தெருவில் எப்போதாவது மட்டும் பயன்படும் கருவிகள் எவை? ஏணி, கடப்பாரை, காற்றடிக்கும் பம்பு போன்றவற்றைப் பொதுவாக வாங்கி வைக்க முடியுமா? யார் வீட்டில் வைப்பது? உடைந்தால் யார் செலவு செய்வது? பேசி முடிவு செய்து, முடிவை ஒரு தாளில் எழுதுங்கள்.